பண்டிகைக் காலமும் கண்மாய்ப் பட்சிகளும்

ஐப்பசி பிறந்தது முதல் தை முடியும்வரை நமது கிராமங்களில் பண்டிகைக் காலமாகும். தீபாவளியில் தொடங்கி, கார்த்திகைத் தீபம், போகி, பொங்கல், மாட்டுப் பொங்கல் என்று விசேஷங்கள் வரிசையாக வருகின்றன. இதே மாதங்களில்தான் வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரிகளும் கண்மாய்களும் நிறைகின்றன. நாரை, கொக்கு, நீர்க்காகம், அரிவாள் மூக்கன் முதலிய நீர்ப்பட்சிகள் அவற்றிலுள்ள மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பதும் இப்பருவத்திலேயாம். ஆகவே, நமக்குக் கொண்டாட்டக் காலமாக இருப்பது பட்சிகளுக்குப் பிள்ளைப்பேற்றுக் காலமாக இருக்கிறது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று இடைஞ்சலின்றி நடைபெறும்பொருட்டுச் சில கிராமத்தார் செய்துவரும் ஏற்பாட்டைப் பற்றியும், அவ்வேற்பாட்டில் மற்றவர்களாகிய நாம் இன்னும் செலுத்தாமல் வைத்திருக்கும் பங்கைப் பற்றியும் இங்கே எழுத விரும்புகிறோம்.

சிவகங்கை ஜில்லாவில் திருப்பத்தூருக்கு அருகே வேட்டங்குடி பட்சி சரணாலயம் இருக்கிறது. பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஆகிய மூன்று கண்மாய்கள் சேர்ந்தது இது. மொத்த விஸ்தீரணம் சுமார் 38 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 95 ஏக்கர்தான். 1977-ம் வருஷத்தில் சர்க்கார் இதைச் சரணாலயமாக விளம்பரம் செய்தனர். இக்கண்மாய்களை அடுத்துள்ள கொள்ளுக்குடிப்பட்டி முதலிய ஊர்களில் தீபாவளியன்று வெடி வெடிப்பதில்லை. பெரியவர்கள் மாத்திரமன்று, சிறு பிள்ளைகளும் இந்த நோன்பை அனுஷ்டிக்கிறார்கள். ஒரு தலைமுறைக்கு மேலாக இது ஊர்க் கட்டுப்பாடாக இருந்து வருகிறது. இதை மெச்சி வன இலாகாவினர் தீபாவளியை ஒட்டி அவ்வூர்களுக்கு இனிப்புப் பண்டங்கள் வழங்குவதும் வழக்கம்.

இது தனிப்பட்ட ஓர் ஊரின் விநோதமென்று எண்ணவேண்டாம். ஈரோட்டுக்கு அருகிலுள்ள வெள்ளோடு ஏரியைச் சுற்றிய கிராமத்தாரும் இவ்வாறே வெடியை விலக்குகின்றனர். திருநெல்வேலி ஜில்லா கூந்தன்குளத்தில், பட்சிகள் குளத்தில் மட்டுமின்றி ஊருக்குள் வீதியிலும் புழக்கடையிலும் நிற்கும் மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. அங்கும் ஊரார் வெடி வெடிப்பதில்லை. கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் கொடுத்து வளர்த்து விட்டவர்களும் அவ்வூரில் உண்டு. கூந்தன்குளம் 1994-ம் வருஷத்தில் சரணாலயமாயிற்று. ஆனால் ஊராருடைய பரிபாலனம் சர்க்கார் விளம்பரத்திற்கு மிகவும் முந்தியது.

வெடிச் சத்தத்தால் நேரும் தீங்கு யாதென்று சிலர் கேட்கலாம். திடீரென்று பெருஞ் சத்தம் கேட்டால், அடைகாக்கும் தாய்ப்பட்சிகள் கூட்டமாக எழும்பிப் பறந்துவிடும். அந்த இடைவேளையில் காக்கையும் பருந்தும் முட்டைகளைக் கொண்டுபோகும். வெயிலிலும் மழையிலும் திறந்து கிடக்கும் முட்டை கெட்டுப்போகும். மிரண்ட குஞ்சுகள் கூட்டிலிருந்து விழுந்து நீரில் மடியும். இவ்விதம் இரண்டொரு தடவை நேர்ந்தால், பட்சிகள் அவ்விடத்தையே வெறுத்துப் போவதும் உண்டு. ஓர் இரவின் வேடிக்கை, ஒரு வருஷத்துச் சந்ததியைக் கெடுக்கும்.

இனி, இந்தக் கிராமத்தார் இதை ஏன் செய்கிறார்கள் என்பதையும் கவனிக்கவேண்டும். ஜீவகாருண்யம் ஒரு காரணமென்பது உண்மையே. ஆயினும் அதனுடன் விவசாயக் கணக்கும் கலந்திருக்கிறது. கூடு கட்டிய மரங்களின் கீழே விழும் எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுதியாக உண்டு. அவை கண்மாய் நீரில் கரைந்து மடை வழியாக வயலுக்குப் போய்ச் சேருகின்றன. நத்தைகுத்தி நாரை வயலிலுள்ள நத்தைகளைத் தின்கிறது. உண்ணிக்கொக்கு ஏருக்குப் பின்னே நடந்து வெட்டுக்கிளியையும் புழுவையும் பொறுக்குகிறது. கூலி கேளாத வேலையாட்கள் இவை.

செங்கற்பட்டு ஜில்லா வேடந்தாங்கல் குடியானவர்கள் இதை நெடுங்காலத்திற்கு முன்பே அறிந்திருந்தனர். கும்பினியாரின் சிப்பாய்கள் ஏரிக்கு வந்து பட்சிகளைச் சுட்டபோது, அவர்கள் கலெக்டர் லயனல் பிளேஸ் என்பவரிடம் முறையிட்டு, ஏரியில் பட்சிகளைச் சுடலாகாதென்று 1798-ம் வருஷத்தில் எழுத்து மூலமாகவே ஓர் உரிமை பெற்றுக்கொண்டார்கள். அவ்வேரி 1936-ம் வருஷத்தில் சரணாலயமாக அங்கீகரிக்கப்பட்டது. 2022-ம் வருஷத்தில், சர்வதேச முக்கியத்துவமுள்ள நீர்நிலைகளின் ராம்சார் பட்டியலில் வேடந்தாங்கல், கூந்தன்குளம், வெள்ளோடு ஆகிய மூன்றும் இடம் பெற்றன. உலகத்தார் இன்று பாராட்டுவதை ஏர் பிடித்தவன் இருநூறு வருஷங்களுக்கு முன்பே காத்துவந்தான் என்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்கது.

இவ்விஷயத்தில் ஆட்சேபம் கூறுவோரும் உண்டு. நீர்க்காகங்கள் மீனைத் தின்று குத்தகைதாரருக்கு நஷ்டம் விளைவிக்கின்றன என்பர். நீலத் தாழைக்கோழி இளம் நாற்றை ஒடித்துக் கெடுக்கிறது என்பர். இவற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் எல்லாப் பட்சிகளையும் ஒரே தராசில் நிறுப்பது தவறு. ஒன்றிரண்டு ஜாதிகளால் நேரும் சேதத்திற்கு, அந்தந்த வயலில் காவல் வைப்பதும் நாற்றங்காலுக்கு வலை கட்டுவதும் பரிகாரமாகும். கண்மாயிலுள்ள கூடுகளைக் கலைப்பது பரிகாரமாகாது. அப்படிக் கலைத்தால் நன்மை செய்பவையும் சேர்ந்தே போய்விடும்.

மேற்கூறியவற்றை வாசிப்பவர்கள், அவ்வூரார் நல்ல காரியம் செய்கிறார்கள் என்று புகழ்ந்துவிட்டு நிறுத்திக்கொள்ளக்கூடும். எங்கள் அபிப்பிராயம் அவ்விடத்தில் நிற்பதன்று. வெடியில்லாத தீபாவளியால் மட்டும் ஒரு பட்சியும் குஞ்சு பொரிப்பதில்லை. அதற்கு முதலாவது வேண்டியது தண்ணீர். மரத்தைச் சுற்றித் தண்ணீர் நின்றால்தான் நாயும் நரியும் கீரியும் கூட்டை அணுகாமலிருக்கும். தண்ணீர் இருந்தால்தான் மீனும் நத்தையும் தவளையும் உண்டாகும். 2016-ம் வருஷத்தில் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை சராசரியில் பாதிக்கும் குறைவாகவே பெய்தது. அத்தகைய வருஷத்தில் ஊரார் எவ்வளவு மௌனம் காத்தாலும் வறண்ட கண்மாயில் நாரை இறங்காது. மழை தவறுவது நம் கையில் இல்லை. ஆனால் பெய்த மழை கண்மாய்க்கு வந்து சேராமற்போவது பெரும்பாலும் நம் கையினால் நேர்வதேயாகும்.

நமது ஏரிகளும் கண்மாய்களும் பல இடங்களில் சங்கிலித் தொடராக அமைந்தவை. மேலூர்க் கண்மாயின் கலுங்கில் வழிந்த நீர், வரத்துக்கால் வழியாகக் கீழூர்க் கண்மாய்க்குப் போகும். அந்த வரத்துக்கால் இன்று பல ஊர்களில் எவ்வாறிருக்கிறது? ஒரு புறத்தில் பட்டாதாரர் வரப்பைத் தள்ளித் தள்ளிக் காலைச் சாண் சாணாகக் குறுக்கியிருக்கிறார். மறு புறத்தில் சீமைக் கருவேல் அடர்ந்து நிற்கிறது. நடுவில் வண்டிப் பாதைக்காகப் போட்ட குழாய் அடைபட்டுக் கிடக்கிறது. சர்வே படத்தில் அகன்று காணும் கால், தரையில் காலடி அகலமுள்ள பள்ளமாக இருப்பதைக் கிராம உத்தியோகஸ்தர்கள் எத்தனையோ இடங்களில் கண்டிருப்பார்கள்.

சரணாலய எல்லைக்குள் மரம் வெட்டுவதற்கும் மண் எடுப்பதற்கும் வன இலாகாவின் அனுமதி வேண்டும். அங்கே நாம் தன்னிச்சையாகச் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. ஆனால் வரத்துக்கால் பெரும்பாலும் அந்த எல்லைக்கு வெளியே, நம்முடைய நிலங்களின் ஓரமாகவே வருகிறது. ஆகவே கண்மாயின் உயிர், கரையோரத்துக் குடிசைவாசி வெடி வெடிப்பதா இல்லையா என்பதைக் காட்டிலும், மேட்டிலுள்ள நிலச்சுவான்தார் கால் விடுகிறாரா இல்லையா என்பதையே அதிகமாகப் பொறுத்திருக்கிறது. ஏழைக் குழந்தை தன் ஒரு நாள் சந்தோஷத்தை விட்டுக்கொடுத்திருக்கிறது. நாம் ஒரு முழ அகல நிலத்தை, அதுவும் நமக்குச் சொந்தமல்லாத நிலத்தை, விட்டுக்கொடுக்கத் தயங்குகிறோம். இது நியாயமாகுமா? அந்தக் குழந்தைக்கு நாம் திருப்பிச் செலுத்தவேண்டிய கடன் ஒரு பொட்டலம் மிட்டாய் அன்று, நிறைந்த கண்மாயேயாகும்.

பண்டிகைப் பழக்கத்தை மாற்றுவதால் பெரும் பலன் உண்டாவதற்கு வெளிநாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் நாளன்று இரு கட்சியாகப் பிரிந்து, அதிகமான பட்சிகளையும் மிருகங்களையும் சுட்டு வீழ்த்துவோர் ஜயித்தவர் என்று விளையாடும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. 1900-ம் வருஷத்தில் பிராங்க் சாப்மன் என்ற பட்சி சாஸ்திரி, அன்றைய தினம் சுடுவதை விட்டு எண்ணுவோம் என்று யோசனை கூறினார். அவ்வருஷம் எண்ண முன்வந்தவர்கள் 27 பேர்தாம். இன்று அக்கணக்கெடுப்பு ஆடுபான் சங்கத்தாரின் மேற்பார்வையில், ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 14 முதல் ஜனவரி 5 வரை பல தேசங்களில் நடைபெறுகிறது. எந்தப் பட்சி பெருகுகிறது, எது குறைகிறது என்று நூறு வருஷங்களுக்கு மேலாகத் தொடர்ந்து வந்த கணக்கு இதனால் கிடைத்திருக்கிறது.

நமது தமிழ்நாட்டிலும் பட்சி நோக்கும் அன்பர்கள் 2015-ம் வருஷம் முதல் பொங்கல் விடுமுறை நாட்களில் இவ்வாறு கணக்கெடுத்து வருகிறார்கள். ஓரிடத்தில் கால்மணி நேரமாவது நின்று, கண்ட பட்சிகளின் பெயரையும் தொகையையும் குறித்துக்கொள்ளுவதே முறை. இதற்குப் பெரும் படிப்பு வேண்டுவதில்லை. பொங்கலன்று கண்மாய்க்கரையில் நடந்து செல்லும் குடியானவர், பட்டணத்திலிருந்து வரும் அன்பரைக் காட்டிலும் அதிகமான பட்சிகளைப் பெயர் சொல்லி அறிவார். ஆயினும் அவர் அறிவு ஏட்டில் ஏறாமல் அவருடனேயே போய்விடுகிறது. ஊரின் பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து வருஷந்தோறும் எண்ணி எழுதிவைத்தால், கண்மாயின் ஆரோக்கியத்திற்கு அதுவே நாடி பார்த்ததாகும். நாரையின் தொகை படிப்படியாகக் குறைந்தால், நீர்வரத்திலோ மரத்திலோ ஏதோ பழுது நேர்ந்திருக்கிறதென்று, வயல் காயும் முன்பே அறிந்துகொள்ளலாம்.

ஆகவே, நீர்ப்பட்சிகள் கூடும் ஏரி, கண்மாய், குளங்களின் ஆயக்கட்டுதாரர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.

(1) ஆடி, ஆவணி மாதங்களில் வரத்துக்காலைத் தலைப்பிலிருந்து கண்மாய்வரை ஒரு தடவை நடந்து பார்க்கவேண்டும். பட்டாதாரர்களை வைத்துக்கொண்டே சர்வே கல்லைக் கண்டு எல்லையைக் காட்டிவிட்டால், பாதித் தகராறு அங்கேயே தீரும். புரட்டாசி முடிவதற்குள் கால் வெட்டித் துப்புரவு செய்யவேண்டும். குடிமராமத்து நமக்குப் புதிதன்று. 2017-ம் வருஷத்தில் சர்க்காரும் அந்தப் பெயராலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கி நடத்தினார்கள்.

(2) சீமைக் கருவேலை அகற்றுவது நல்லதே. ஆயினும் கூடுள்ள மரத்தை ஐப்பசி முதல் பங்குனி வரை தொடக்கூடாது. ஒரே வருஷத்தில் எல்லாவற்றையும் வெட்டிவிட்டால் பட்சிகளுக்கு உட்கார இடமிராது. நாட்டுக் கருவேலையும் நீர்க்கடம்பையும் முன்னதாக நட்டு வளர்த்து, அவை எழும்ப எழும்பச் சீமைக் கருவேலைக் குறைத்து வருவதே முறையாகும்.

(3) அறுவடைக்குப்பின் மடை மட்டத்திற்குக் கீழே நிற்கும் தண்ணீரை, மீன் பிடிப்பதற்காக இயந்திரம் வைத்து இறைத்து வற்றச் செய்யலாகாது. குஞ்சுகள் பறக்கும்வரை அந்நீர் நிற்கவேண்டும். மீன் பாசி ஏலம் விடும்போதே இந்த நிபந்தனையை எழுத்தில் சேர்த்துவிட்டால் பின்னர் விவாதமிராது. கோடையில் ஆடுமாடுகளின் தாகத்திற்கும் அதுவே உதவும்.

(4) போகியன்று ரப்பர் சக்கரங்களையும் பிளாஸ்டிக் சாமான்களையும் கண்மாய்க்கரையில் கொளுத்தும் வழக்கத்தை ஊர்க்கூட்டத்தில் பேசி நிறுத்தவேண்டும். பழையன கழிதல் என்பது ஊரெல்லாம் விஷப்புகை பரப்புதல் ஆகாது.

(5) பொங்கல் விடுமுறையில் ஒரு காலைப்பொழுது, பள்ளிப் பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துச் சென்று பட்சிகளை எண்ணச் செய்து, அக்கணக்கைப் பஞ்சாயத்து ஆபீஸில் ஒரு நோட்டில் ஆண்டுதோறும் பதிந்து வைக்கவேண்டும். அன்றைய தினம் கண்மாயில் நிற்கும் தண்ணீரின் ஆழத்தையும் அதன் பக்கத்திலேயே எழுதவேண்டும். பத்து வருஷங்கள் கழித்து அவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால், நாம் சொல்லியதன் உண்மை தானே விளங்கும்.

சர்க்கார் இலாகாக்களுக்கும் ஒரு வார்த்தை. வெடியை விலக்கிய ஊர்களுக்கு இனிப்பு வழங்குவது நல்ல மரியாதைதான். அதனுடன், வரத்துக்கால் மராமத்து வேலைகளை வகுக்கும்போது இவ்வூர்களின் கண்மாய்களுக்கு முதலிடம் கொடுப்பது அதைவிடச் சிறந்த மரியாதையாகும். இவ்வூரார் கேளாமலே ஒன்றைக் கொடுத்துவிட்டார்கள். கேட்டுத்தான் பெறவேண்டும் என்று அவர்களை வைத்திருப்பது அழகன்று.

இவ்வருஷத் தீபாவளிக்குக் கொள்ளுக்குடிப்பட்டிப் பிள்ளைகள் வெடி வெடிக்காமலிருப்பார்கள் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. அவர்கள் காதில் வெடிச் சத்தத்திற்குப் பதிலாகக் கலுங்கில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கவேண்டும். அதற்கு வேண்டிய வேலை ஐப்பசியில் அன்று, ஆடியிலேயே தொடங்குகிறது. ஒவ்வொரு மிராசுதாரரும் தம் நிலத்தை ஒட்டிய காலை இவ்வாரமே ஒரு முறை சென்று பார்ப்பாராக.