மலிவும் கழிவும்

‘விலைக்கழிவு’ என்ற சொல்லைக் கடைவாயிலிற் கண்டால் கால் தானாகவே நின்றுவிடும். மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவிடும் ஆசிரியனாகிய நானும் இதற்கு விலக்கானவன் அல்லன்.

2023-ஆம் ஆண்டு ஜேர்மனியில் வாழும் என் தங்கை வீட்டிற் சில வாரங்கள் தங்கியிருந்தேன். அங்கே ‘அல்டி’ என்னும் மலிவு விலைக் கடைக்கு அவளுடன் செல்வேன். எசன் நகரில் ஒரு குடும்பம் 1913-இல் தொடங்கிய சிறு கடையை, இரண்டாம் உலகப்போரின் பின் அதன் புதல்வர்களான அல்பிரெக்ட் சகோதரர் இருவர் பொறுப்பேற்று வளர்த்த நிறுவனம் அது. அலங்காரம் இல்லை. வந்த பெட்டியிலேயே பண்டம் கிடக்கும். பல பொருள்களில் ஒன்றிரண்டு வகைகளே உண்டு. அவையும் பெரும்பாலும் கடையின் சொந்தப் பெயர் தாங்கியவை. தள்ளுவண்டியை எடுக்க நாணயம் இடவேண்டும். வண்டியைத் திருப்பி நிறுத்தினால் நாணயம் மீளும். ஆகவே வண்டிகளை ஒழுங்குபடுத்தத் தனி ஆள் வேண்டியதில்லை. இவ்வாறு மிச்சமாகும் செலவு விலையிற் குறைகிறது. இதில் வஞ்சனை இல்லை, சிக்கனமே உண்டு. சிறு வருவாயிற் குடும்பம் நடத்துவோர்க்கு இது பேருதவி. மலிவென்று கண்டு, மழையில்லாத நாளில் நான் இரண்டு குடை வாங்கியது கடையின் குற்றமன்று.

நிற்க. ஒருநாள் பாலின் விலையைப் பார்த்து வியந்து நின்றேன். தங்கை சொன்னாள்: “அண்ணை, விலை கட்டாதெண்டு 2008-ஆம் ஆண்டு இஞ்சத்தைக் கமக்காரர் பாலைக் குடுக்காமல் நிண்டவை. லீற்றருக்கு 43 சென்ற் கேட்டவை. ஐயா இருந்திருந்தா அவையோடைதான் நிண்டிருப்பார்.”

என் வியப்பு அடங்கிவிட்டது. எங்கள் ஐயா வெங்காயம் பயிரிட்டவர். ஊர்ச் சந்தையில் நூறு கிலோ கொடுத்தால், பத்துக் கிலோவைக் ‘கழிவு’ என்று தள்ளி மீதிக்கே பணம் தந்தார்கள். அந்தப் பத்துக் கிலோவுக்கும் அவர் நீர் இறைத்திருந்தார். மீதியில் வந்த பணத்திலேதான் நான் படித்தேன். அவரை வருத்திய அதே சொல் இன்று என்னைக் கடைக்குள் அழைக்கிறது.

மலிவுக் கடைக்குப் போகவேண்டாம் என்று நான் கூறவில்லை, நானும் போவேன். ஆனால் விலை குறைந்தது கடையின் ஆடம்பரம் குறைந்ததாலா, விளைவித்தவனின் வரும்படி குறைந்ததாலா என்று கேட்கும் கடமை வாங்குபவனுக்கு உண்டு. வகுப்பிலே இலாபநட்டக் கணக்குக் கற்பிக்கும்போது வாங்கிய விலை, விற்ற விலை என்பவற்றோடு நின்றுவிடுகிறோம். விளைவித்தவனுக்குக் கிடைத்த விலையையும் கரும்பலகையில் ஒரு வரியாக எழுதினால் என்ன?