வீழ்ந்த ஓநாயும் வெற்றிப் பெருமிதமும்

ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் 2011 முதல் 2016 வரை மூன்று பாகங்களாக வெளியிட்ட 'டார்க் சோல்ஸ்' பற்றி எழுதுவோர் அதன் கடினத்தை மட்டுமே மெச்சுகிறார்கள். 2012இல் கணினிப் பதிப்பையே 'சாகத் தயாராகு' என்று பெயரிட்டு விற்றார்கள். வணிகர்கள் கூவட்டும், விமரிசகர்களும் அதையே ஒப்பிப்பதுதான் எரிச்சலூட்டுகிறது.

முதல் பாகத்தில் ஆர்டோரியஸ் என்ற மாவீரனின் கல்லறையை, வாயில் பெருவாளைக் கவ்வியபடி, ராட்சத ஓநாய் ஒன்று காத்து நிற்கிறது. அடிபட அடிபட அது நொண்டத் தொடங்குகிறது. வாளை வீசும்போதே தடுமாறி விழுகிறது. அக்கணத்தில் அதை வெல்வது மிக எளிது. கைதான் எழுவதில்லை. கொல்லாமல் மேலே செல்லவும் வழியில்லை. ஒரு வசனம்கூடக் கிடையாது அங்கே. இயக்குநர் மியாசாகி நம்மைக் கொலையாளியாக்கிவிட்டு மௌனமாக இருக்கிறார். இதையும் 'சவால்' என்றே எண்ணி மார்தட்டுபவரிடம் எந்த ரசனையைப் பற்றிப் பேசுவது?