இது அடுக்குமா?

“புத்தகங்களை அரேஞ்ச் பண்ணு” என்று பிள்ளைகளிடம் கூறிப் பழகிவிட்டோம். அவர்களைக் குறைகூறிப் பயனில்லை. அச்சொல்லைக் கொடுத்தவர்கள் பெற்றோராகிய நாமே.

தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தல் அடுக்குதல். நாற்காலிகளை வரிசையாக இடுதல் நிரைப்படுத்துதல். வைத்ததைக் கலைத்து வேறுவிதமாக வைத்தல் மாற்றியடுக்குதல். நிகழ்ச்சி நிரலையோ மாற்றியமைக்கிறோம், அடுக்குவதில்லை. இத்தனை வினைகளையும் ஓர் ஆங்கிலச் சொல் விழுங்கிவிடுகிறது.

‘அடுக்கு’ எளிய சொல்லன்று. யாழ்ப்பாணத்தில் திருமண ஏற்பாடுகளையே ‘கலியாண அடுக்கு’ என்பர். சொல்லையும் அடுக்கலாம், அதற்கு நான்கு முறை எல்லை என்கிறது நன்னூல். (நம் மேடைப் பேச்சாளர் சிலர் இவ்வெல்லையை அறியார்!) தகுமா என்னும் பொருளிலும் அது வரும்.

சென்ற ஆண்டு, தம்பியின் பங்கையும் உண்டுவிட்ட எம் மாணவி ஒருத்தியிடம், “இது உனக்கு அடுக்குமா?” என்று வினவினார் அவள் அப்பம்மா. அவளோ, “எதை அடுக்க வேண்டும், அப்பம்மா?” என்று எழுந்து நின்றாளாம். கேட்டுச் சிரித்தோம்; பின்னர் எமக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்று விழா முடிந்ததும் மண்டபத்து நாற்காலிகளைப் பிள்ளைகளே அடுக்கட்டும். பெற்றோரே, அக்கட்டளையைத் தமிழில் இடுங்கள்.