குடிலின் சட்டமும் உயிரணுவின் சட்டமும்

கார் நிக்கோபாரின் பழைய வட்டக் குடில் கவிழ்த்த பெருங்கூடை போன்றது. அதற்கு வடிவம் தருவது வெளியே தெரியும் புல் அன்று. உட்புறத்தில் வளைத்துக் கட்டிய சட்டமே. சட்டம் நைந்தால் புதுப்புல் வேய்ந்தும் பயன் என்ன?

நம் உயிரணுவின் உட்கருவும் அத்தகைய குடிலே. அதன் உறைக்கு உட்புறமாக 'லாமின்' என்னும் புரத இழைகள் வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. அவை உட்கருவைத் தாங்குகின்றன. மரபணுக்களின் ஒழுங்கிலும் பங்கு கொள்கின்றன. லாமின் 'ஏ' மரபணுவில் நேரும் பிழை ஒருவகைத் தசைநலிவுக்கும், இதயத்தசை விரிந்து தளரும் நோய்க்கும் காரணமாகும் என 1999-இல் தெளிவாயிற்று. பிள்ளைப் பருவத்திலேயே மூப்படையச் செய்யும் புரோஜீரியாவின் வேரும் அதுவே என 2003-இல் கண்டனர். 2020-இல் அதற்கு லோனாஃபார்னிப் என்னும் மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

"அரிய நோய்கள்தாமே! தீவுக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு?" என்று நண்பர்கள் கேட்கலாம். தீவில் இந்நோய் மலிந்திருக்கிறதென்று நான் சொல்லவில்லை; தேடாமலிருப்பது தவறென்றே சொல்கிறேன். இதயத்தில் மின்னோட்டம் தடைப்படுவதே பலருக்கு முதல் அறிகுறி. கவனியாது விட்டால் திடீர்ச் சாவும் நேரலாம். பெற்றோருள் ஒருவருக்குப் பிழை இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரும் வாய்ப்பு பாதி. ஆகவே ஒருவரிடம் கண்டால் உறவினர் அனைவரையும் பார்த்தல் வேண்டும். அதன் முதற்படி எளிய ஈ.சி.ஜி. சோதனையே.

இங்கேதான் கார் நிக்கோபாரின் வலிமை இருக்கிறது. நிலத்தையும் தென்னையையும் பொதுவில் ஆளும் 'துஹேத்' என்னும் கூட்டுக்குடும்பத்தில் உறவினரைத் தேடி அலைய வேண்டுவதில்லை. பேராயர் ஜான் ரிச்சர்ட்சன் பெயர் தாங்கிய மருத்துவமனையும் அங்கே உண்டு. ஐதராபாத்தின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தில் வீணா பர்நாயக் லாமினைப் பல்லாண்டு ஆராய்ந்தார். அம்மையத்தின் தங்கராஜ் முதலான அறிஞர்கள் 2005-இல், நிக்கோபார் மக்கள் மரபால் தென்கிழக்காசியருக்கு நெருங்கியவர்கள் எனக் காட்டினர்.

எங்கிருந்து வந்தனர் என்று ஆராயக் குருதி பெற்ற அறிவியல், எப்படி நலமாய் வாழலாம் என்றும் அவர்களுக்குச் சொல்ல வேண்டாமா? காரணம் புலப்படாத இதயத்தடை இளவயதில் தோன்றினால், அவர் இசைவோடு மரபணுச் சோதனை செய்க, உறவினர்க்கு ஈ.சி.ஜி. எடுக்க, முடிவை அவர்கள் மொழியிலேயே உரைக்க. இதுவே என் கோரிக்கை.

2004-இல் கடல் குடில்களை வாரிச் சென்றபோது நாடே பதறி உதவிற்று. கண்ணுக்குத் தெரிந்த அழிவு அது. கண்ணுக்குத் தெரியாத சட்டம் முறிவதையும் காணும் கண் நமக்கு வேண்டும். படித்த நாம் அதைக் கேட்காவிடில் வேறு யார் கேட்பார்?