அசெம்பிளிக்கு வேற்றுமை உருபு கிடையாது!

‘கண்ணன் ராமனை அழைத்தான்’, ‘ராமனைக் கண்ணன் அழைத்தான்’ – எப்படிச் சொன்னாலும் பொருள் ஒன்றுதான். ‘ஐ’ உருபு நம்மைக் காப்பாற்றிவிடுகிறது. ஆனால் நண்பர்களே, சிப்புக்கு நேரடியாகக் கட்டளை போடும் அசெம்பிளி மொழியில் உருபு கிடையாது. எது முன்னே, எது பின்னே என்பதுதான் பொருள்!

இன்டெல் சிப்புக்கு இரண்டு பாணிகள் உண்டு. இன்டெல் பாணியில் போய்ச் சேரும் இடம் முதலில் வரும்: ‘மூவ் ஈஏஎக்ஸ், 5’. 8085 படித்த அண்ணன், அக்காக்களுக்கு இந்த வரிசை பழக்கம். யூனிக்ஸ் வழியாக வந்த ஏடி அண்டு டி பாணியில் அப்படியே தலைகீழ்: ‘மூவ்எல் $5, %ஈஏஎக்ஸ்’. இதில் $ விட்டுப்போச்சுன்னா 5 என்ற எண்ணை எடுக்காது, மெமரியில் 5-ஆம் முகவரியைத் தேடிப் போகும். எர்ரர் காட்டாது. லினக்ஸில் ஓட்டும்போதுதான் புரோகிராம் கவிழும்.

சி புரோகிராமுக்குள் அசெம்பிளி எழுதினால் ஜிசிசி கம்பைலர் வழக்கமாக எதிர்பார்ப்பது ஏடி அண்டு டி பாணியை. சிலர் நடுவில் ‘.இன்டெல்_சின்டாக்ஸ் நோபிரிஃபிக்ஸ்’ என்று ஒரு வரி போட்டு மாற்றிக்கொள்கிறார்கள். இது கூடாது என்பதே என் கருத்து.

ஏன்? வேலை முடிந்ததும் பழைய பாணிக்குத் திருப்ப மறந்தால், கீழே கம்பைலர் எழுதித் தரும் வரிகள் அசெம்பிளருக்குப் புரியாது. எர்ரராகக் கொட்டும். மறக்காமல் திருப்பினாலும் தொல்லை தீராது. %0 என்ற இடத்தில் மெமரி முகவரி வந்தால் கம்பைலர் அதைத் தன் பாணியில்தான் எழுதும். ஒரே வரியில் பாதி இது, பாதி அது!

இன்டெல் பாணிதான் வேணும்னா, ‘-எம்ஏஎஸ்எம்=இன்டெல்’ என்று கொடுத்து முழு ஃபைலையும் அதிலேயே கம்பைல் பண்ணலாம். தனியாக எழுதும் புரோகிராமுக்கு அது சரி. ஆனால் பலர் சேர்ந்து எழுதும் புரோகிராமில், அடுத்தவர் ஏடி அண்டு டியில் எழுதிய வரிகள் அதனால் உடைந்துபோகும். லினக்ஸ் கெர்னலில் ஆயிரக்கணக்கானோர் எழுதியும், இன்டெல் சிப்புக்கான பகுதி ஏடி அண்டு டி பாணியில்தான் இருக்கிறது.

எந்தப் பாணி அழகு என்று சண்டை போட வேண்டாம். நம்ம சௌகரியத்துக்காக அடுத்தவர் எழுதினது உடையக்கூடாது. புதுப் பாணியைப் பழக ஒரு வாரம் போதாதா? நீங்களே சொல்லுங்கள்!