படகுக்குப் பெயிண்ட் அடிப்பது ஊதாரித்தனமா?

முழங்கால் வலியால் பத்து நாளாக எதுவும் எழுதவில்லை. அதற்கும் சேர்த்து இன்று கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். பொறுமை இல்லாதவர்கள் லைக் மட்டும் போட்டுவிட்டுப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரண்டு படங்கள் வந்தன. ஒன்று, மெல்போர்னில் இருக்கும் என் தங்கை மகன் அனுப்பியது. காருக்குப் பின்னால் டிரெய்லரில் ஏற்றி இழுத்துப் போகிற சின்னப் பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, புதுப் பாய், புது விளக்கு, உட்கார மெத்தை எல்லாம் போட்டிருக்கிறான். "எப்படி இருக்கு மாமா?" என்று கேட்டிருந்தான். உடனே குழுவில் கைதட்டல், இதயம், "சூப்பர்டா தம்பி", "வாழ்க்கையை அனுபவி".

இரண்டாவது படம் நான் போட்டது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் இருக்கும் என் பழைய மாணவனின் ஃபைபர் படகு. கிளிப்பச்சை உடம்பு, ஓரத்தில் மஞ்சள் பட்டை, முனையில் இரண்டு பக்கமும் கண். படம் போட்டு ஐந்து நிமிடம் ஆகவில்லை, நம் சொந்தக்காரர் ஒருவர் (யார் என்று குழுவில் உள்ளவர்களுக்குத் தெரியும்) எழுதுகிறார்: "இதுக்குத்தான் கடன் வாங்குறாங்க. அப்புறம் நிவாரணம் கொடுன்னு ரோட்டுல உட்காருவாங்க."

ஒருவன் செய்தால் ரசனை, இன்னொருவன் செய்தால் ஊதாரித்தனமா? இந்தக் கேள்வி ஒரு வாரமாக என்னைத் தூங்க விடவில்லை.

தங்கை மகனை நான் குறை சொல்லவில்லை. அவன் போனில் விளக்கிய பிறகுதான் அந்தப் படகுகளின் கதையே எனக்குத் தெரிந்தது. நியூசிலாந்துக்காரர் ரிச்சர்ட் ஹார்ட்லி என்பவர் 1950களில் 16 அடி நீளத்தில் ஒரு படகை வடிவமைத்தாராம். சாதாரண ஆள் தன் வீட்டிலேயே பிளைவுட்டை வெட்டி ஒட்டிச் செய்துகொள்ளலாம். அடியில் உள்ள பலகையை மேலே இழுத்துவிட்டால் டிரெய்லரில் உட்கார்ந்துவிடும், துறைமுகத்தில் இடம் பிடித்து வாடகை கட்ட வேண்டாம். அப்படி வந்ததால்தான் சம்பளக்காரன் கைக்கும் பாய்மரப் படகு எட்டியது. தானே செய்த பொருளுக்குத் தானே அழகு பார்ப்பது இயற்கைதானே. அவன் கிளப்பில் இரட்டை உடம்புப் படகு ஒன்றும் இருக்கிறதாம், கேட்டமரன் என்கிறான். "அது நம்ம கட்டுமரம்டா!" என்றேன். 1697லேயே வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி தன் பயணநூலில் இந்தச் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பற்றி எழுதிவிட்டார். சொல் நம்முடையது, பெருமை மட்டும் அவர்களுக்கு என்றால் எப்படி?

இப்போது நம் கரைக்கு வருவோம். கட்டுமரத்துக்குப் பெயிண்ட் கிடையாது. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகப் பிரித்து வெயிலில் காயப்போடுவார்கள். நான் அந்தப் பக்கத்துப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தபோது கடற்கரை முழுக்க அப்படித்தான் கிடக்கும். ஃபைபர் படகு வந்த பிறகு கதை மாறியது. அதன் மேல்பூச்சு தேய்ந்தால் உள்ளே இருக்கும் கண்ணாடி இழை வெளியே தெரியும், தண்ணீர் ஊறும், படகு கனக்கும். நம் ஊர் வெயிலும் உப்பும் போதாதென்று, தினமும் டிராக்டர் கட்டி மணலில் இழுத்து ஏற்றுகிறார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதைவிட மோசம் அது.

என் மாணவன் சொன்னதை அப்படியே தருகிறேன். "சார், பெயிண்ட் அடிக்கிறது அழகுக்குன்னு நெனைக்கிறாங்க. பழைய பெயிண்ட்ட சுரண்டுனாதான் சார் உள்ள என்ன இருக்குன்னு தெரியும்." இந்த முறை அப்படிச் சுரண்டியபோது, எஞ்சின் மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு விரிசல். பெயிண்டுக்கு அடியில் சிலந்தி வலை மாதிரி ஓடியிருக்கிறது. பத்து குதிரைத்திறன் எஞ்சின் அதிருகிற அதிர்வில் நடுக்கடலில் அது பிளந்திருந்தால்? படகில் போவது அவன், அவன் தம்பி, தம்பியின் 19 வயது மகன். பழைய மேட்டை வெட்டி எடுத்து, புது மேட் வைத்து, ரெசின் பூசி, இரண்டு நாள் காயவிட்டு, அதன் பிறகுதான் கிளிப்பச்சை. எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய். நம் உறவினர் போன வருடம் காருக்கு அலாய் வீல் மாற்றியதைவிடக் குறைவு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு இந்தக் கரையில் படகுகள் தானமாக வந்து இறங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். கொடுத்தவர்களை வாழ்த்துகிறேன், அவர்கள் இல்லையென்றால் பல அடுப்பு எரிந்திருக்காது. ஆனால் அவசரத்தில் செய்த சில படகுகளின் தரம் பற்றி அப்போதே பேச்சு எழுந்தது. படகின் பக்கவாட்டில் கொடுத்தவர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். இவனுக்கும் அப்படி ஒரு பங்குப் படகு கிடைத்தது. இரண்டு வருடம் அந்தப் பெயரோடுதான் கடலுக்குப் போனான். "நன்றி இருக்கு சார். ஆனா பொண்ணு பாக்க வந்தவங்க, இது யார் படகுன்னு கேட்டாங்க" என்றான். முதல் முறை கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் அந்த எழுத்தை அழித்துத் தன் குலதெய்வத்தின் பெயரை எழுதினான். அதை ஊதாரித்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் ஒரு காலத்தில் வந்தது. 1996 என்று நினைக்கிறேன், இவன் ஒன்பதாம் வகுப்பு. குப்பத்துக்கு வந்த முதல் சில ஃபைபர் படகுகளில் ஒன்று இவன் அப்பா பங்கு போட்டு வாங்கியது. நோட்டு வாங்காமல் வந்தவனை எழுப்பி நிறுத்தி, "உங்கப்பனுக்குப் படகுக்குப் பெயிண்ட் அடிக்கக் காசு இருக்கு, உனக்கு நோட்டு வாங்க இல்லையா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. மூன்று நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. அன்று சிரித்தவர்களில் சிலர் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். சிரிக்க வைத்தது நான், உங்கள் மேல் தவறில்லை. போன மாதம் இதை அவனிடம் நானே ஆரம்பித்தேன். "விடுங்க சார், நீங்க எல்லாரையும்தான் திட்டுவீங்க" என்று டீ வாங்கிக் கொடுத்தான். மறந்துவிட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை.

அவன் செய்வதெல்லாம் சரி என்றும் நான் சொல்லவில்லை. பாட்டு கேட்க ஒரு பெட்டி, அதற்கு நீல விளக்கு. "லைஃப் ஜாக்கெட் எங்கேடா?" என்றேன். வலைக்கு அடியில் இருந்து எடுத்துக் காட்டினான், ராத்திரி தலைக்கு வைத்துப் படுக்கிறானாம். நன்றாகத் திட்டினேன், இதற்குத் திட்ட எனக்கு இன்னும் உரிமை இருக்கிறது. பக்கத்துப் படகுக்காரன் பெரிய எஞ்சின் போட்டான் என்று இவனும் போட நினைக்கிறான், அதற்கும் வேண்டாம் என்றேன். டீசல் விற்கிற விலையில் வேகத்துக்குப் பெருமைப்பட்டால் நெத்திலி விற்று எண்ணெய்க்குக்கூடக் கட்டாது. மெல்போர்ன்காரனும் லேசுப்பட்டவன் இல்லை. படகில் இரண்டு திரை வைத்திருக்கிறான், வருடத்துக்கு நான்கு முறைதான் தண்ணீரில் இறக்குகிறான். இதை அவன் அம்மாவே சொன்னாள்.

குழுவில் எழுதிய அந்த உறவினருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மாமல்லபுரம் போகும்போது கடற்கரைக் கோயிலோடு திரும்பிவிடாதீர்கள். பக்கத்திலேயே படகுகள் நிற்கின்றன, அதிகாலையில் போய்ப் பாருங்கள். கடல் வருடா வருடம் கரையைத் தின்றுகொண்டு வருகிறது, படகு நிறுத்த இடம் சுருங்கிக்கொண்டே போகிறது. அந்தக் கொஞ்ச இடத்தில் ஒருத்தர் படகை ஒருத்தர் உரசாமல் எப்படி நிறுத்தியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள், நான் பதில் போடுகிறேன்.

நான் இந்த ஞாயிறு திருக்கழுக்குன்றம் வழி பஸ் பிடித்துப் போகிறேன். பெயிண்டர் பையன் படகில் "எல்லையம்மன் துனை" என்று எழுதி வைத்திருக்கிறான். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. மூன்று சுழி ணகரம் வர வேண்டும் என்று போன் செய்து சொன்னேன். "நீங்களே வந்து சாக்பீஸ்ல போட்டுக் கொடுத்துடுங்க சார், அவன் அது மேலயே எழுதிடுவான்" என்றான். வீட்டில் சாக்பீஸ் இல்லை, வாங்க வேண்டும்.