பழைய கம்பெனி, புது ரேடியோ... நம்பலாமா?

ஒரு அப்டேட் போட்டதும் மொபைல் கேமரா பளிச்சென்று ஆகிவிட்டது என்பார் ஒருவர். அதே அப்டேட்டால் பேட்டரி மதியத்துக்குள் காலி என்று புலம்புவார் இன்னொருவர். போனில் இது நமக்குப் பழகிவிட்டது. ஆனால், ரேடியோ பெட்டிக்கும் அப்டேட் வரும் என்றால்? அதுவும் கம்பியும் காயிலும் வைத்து அறுபது வருடம் ரேடியோ செய்த ஒரு கம்பெனி திடீரென்று மென்பொருள் பக்கம் திரும்பினால்?

2015 ஆகஸ்ட்டில் டோக்கியோவில் நடந்த ஹாம் ரேடியோ கண்காட்சியில் இந்தக் கேள்விதான் எழுந்தது. 1954-ல் ஒசாகாவில் தொடங்கப்பட்ட ஐகாம் நிறுவனம், ஐ.சி-7300 என்ற புது மாடலை அங்கே காட்டியது. அடுத்த வருடம் அது கடைக்கு வந்தது. உலகம் முழுக்க ஹாம்கள் ஆவலோடு பார்த்தார்கள். கூடவே சந்தேகத்தோடும் பார்த்தார்கள்.

ஹாம் என்றால் யார்?

அரசு நடத்தும் தேர்வில் பாஸாகி, உரிமம் வாங்கி, வீட்டிலிருந்தே வானலையில் பேசுபவர்கள்தான் ஹாம்கள். மொபைல் டவரும் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். ஒரு பெட்டி, ஒரு பேட்டரி, மாடியில் கட்டிய ஒரு ஆன்டெனா போதும். கடல் தாண்டிப் பேசலாம்.

பொழுதுபோக்குதானே என்று நினைக்கலாம். 2004 டிசம்பர் 26 அன்று அந்தமானில் என்ன நடந்தது என்று பாருங்கள். பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு, பொழுதுபோக்கு ஒலிபரப்புக்காகப் போர்ட் பிளேரில் இருந்தது. நிலநடுக்கமும் சுனாமியும் வந்து தொலைபேசித் தொடர்பு அறுந்ததும், அவர்கள் பொழுதுபோக்கை நிறுத்திவிட்டு அவசரச் செய்திகளைக் கடத்த ஆரம்பித்தார்கள். தீவில் இருந்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்ற தகவல் பல வீடுகளுக்கு இப்படித்தான் போய்ச் சேர்ந்தது.

அதனால்தான், 'இந்தப் பெட்டி நேரத்துக்கு வேலை செய்யுமா?' என்ற கேள்வியை ஹாம்கள் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

சல்லடையும் கணக்கும்

ஆன்டெனாவில் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான சிக்னல்கள் வந்து விழும். அதில் ஒன்றை மட்டும் பிரித்தெடுப்பதுதான் ரேடியோவின் வேலை. முதல் உலகப் போர் சமயத்தில், 1918-ல், அமெரிக்காவின் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். அதன் பெயர் சூப்பர்ஹெட். வருகிற சிக்னலை வேறொரு அலைவரிசைக்கு மாற்றி, ஃபில்டர்கள் வழியாக அனுப்பி, வேண்டியதை மட்டும் எடுப்பது. மாவைப் பெரிய சல்லடையில் சலித்து, பிறகு சின்ன சல்லடையில் சலிப்பது மாதிரி. சுமார் நூறு வருடம் ரேடியோ உலகத்தை ஆண்டது இந்த முறைதான்.

சாஃப்ட்வேர் டிஃபைண்ட் ரேடியோ, சுருக்கமாக எஸ்.டி.ஆர், வேறு மாதிரி. ஆன்டெனாவில் வருவதை, முன்னால் லேசாக ஒரு வடிகட்டலோடு, நேராக எண்களாக மாற்றிவிடுகிறது. ஐ.சி-7300-ல் இது ஒரு விநாடிக்கு 12 கோடி முறைக்கும் மேல் நடக்கிறது. அதன் பிறகு சலிப்பது, பிரிப்பது, இரைச்சலைக் குறைப்பது எல்லாமே கணக்குதான். சல்லடையை மாற்ற ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், மென்பொருளை மாற்றினால் போதும்.

இந்த யோசனை ஐகாமுடையது அல்ல. 2002-ல் அமெரிக்காவின் ஜெரால்ட் யங்பிளட், ஹாம்களுக்கான ஒரு தொழில்நுட்பப் பத்திரிகையில் சாமானியர்களுக்கான எஸ்.டி.ஆர் பற்றித் தொடர் எழுதினார். அதிலிருந்து பிறந்ததுதான் அவருடைய ஃப்ளெக்ஸ்ரேடியோ நிறுவனம். அதன் முதல் பெட்டியான எஸ்.டி.ஆர்-1000, கம்ப்யூட்டரோடு இணைத்தால்தான் வேலை செய்யும். ஆக, ஐகாம் இந்தப் பந்திக்கு லேட்டாக வந்து உட்கார்ந்த விருந்தாளி.

இரண்டு பக்கமும் இடி

வேடிக்கை என்னவென்றால், சந்தேகம் எதிரெதிரான இரண்டு முகாம்களிலிருந்தும் வந்தது.

பழைய முறையை நம்பியவர்களின் கவலை இது: வானலையில் பக்கத்திலேயே பலமான சிக்னல் ஒன்று வந்தால் என்ன ஆகும்? திருவிழாவில் காதுக்குப் பக்கத்தில் மைக் செட் அலறும்போது, எதிரில் நிற்பவர் பேசுவது கேட்குமா? சூப்பர்ஹெட்டில் அந்த அலறலைத் தடுக்க நல்ல ஃபில்டர்கள் உண்டு. எண்ணாக மாற்றும் சிப் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அது திணறினால் எல்லாமே போச்சு என்றார்கள்.

மென்பொருள் பிரியர்களின் கவலை நேர்மாறானது: இது எஸ்.டி.ஆர் என்ற ஸ்டிக்கர் ஒட்டிய பழைய பெட்டிதானே? உள்ளே இருக்கும் மென்பொருளை வெளி ஆள் யாரும் தொட முடியாது. கம்பெனி கொடுப்பதுதான் அப்டேட். இரண்டு வருடம் கழித்து, 'புது மாடல் வாங்கிக்கொள்ளுங்கள்' என்று கைகழுவிவிட்டால்?

இரண்டு கேள்வியும் நியாயமானவை. பெட்டியை விற்றுப் பழகிய கம்பெனிக்கு, விற்றது முதல் கடமை முடிந்த மாதிரி. மென்பொருளை விற்கிற கம்பெனிக்கு, விற்ற பிறகுதான் கடமையே தொடங்குகிறது. குணம் மாறுமா என்பதுதான் சந்தேகம்.

நடந்தது என்ன?

முதலில் சந்தேகப்பட்டவர்கள் தோற்ற இடம். அமெரிக்காவில் சுமார் 1,500 டாலருக்கு வந்த பெட்டியில் தொடுதிரையும், வானலை முழுவதையும் நகரும் படமாகக் காட்டும் வசதியும் இருந்தன. அதுவரை அந்த அளவு தெளிவான படம் வேண்டுமென்றால் பல மடங்கு விலை கொடுக்க வேண்டும். ரேடியோக்களைப் பரிசோதித்துப் பட்டியல் போடும் ராப் ஷெர்வுட்டின் அளவீடுகளிலும், இதைவிடப் பல மடங்கு விலையுள்ள சில பழைய மாடல்களை இது முந்தியது. முக்கியமாக, கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை. குமிழைத் திருப்பிப் பழகிய கைக்குக் குமிழ் அப்படியே இருந்தது. புதிதாகத் தேர்வு எழுதி வந்த பலருக்கு இதுவே முதல் பெட்டி ஆனது.

அடுத்து, சந்தேகப்பட்டவர்கள் ஜெயித்த இடம். பலமான சிக்னல் வந்தால் திணறும் என்றார்களே, அதற்கான எச்சரிக்கை விளக்கே திரையில் இருக்கிறது. அது எரிந்தால் உணர்திறனைக் கையால் குறைக்க வேண்டும். சாதாரண வீட்டில், சாதாரண ஆன்டெனாவில் இது பெரிய தொல்லை இல்லை. பல ஸ்டேஷன்கள் பக்கத்து பக்கத்தில் முழு சக்தியில் இயங்கும் போட்டிகளில் தொல்லைதான். பிறகு ஐகாம் கொண்டுவந்த ஐ.சி-7610-ல் தனித்தனியாக இரண்டு ரிசீவர்களும், முன்பக்கத்தில் கூர்மையான ஃபில்டரும் இருந்தன. விலையும் இரண்டு மடங்குக்கு மேல். அதாவது, குறை உண்மைதான் என்று கம்பெனியே சொல்லாமல் சொன்னது.

போட்டிக் கம்பெனிகளும் முழுசாக அந்தப் பக்கம் தாவவில்லை. கென்வுட், 2018-ல் வந்த டி.எஸ்-890எஸ் மாடலில் சூப்பர்ஹெட்டையே வைத்துக்கொண்டது. யாயேசு, எஃப்.டி.டி.எக்ஸ்-101 வரிசையில் கேட்பதற்குப் பழைய முறை, படம் காட்டுவதற்குப் புதிய முறை என்று இரண்டையும் கலந்தது.

அப்டேட் வந்ததா?

பெரிய கேள்வி இதுதான். ஐ.சி-7300-க்கு வெளிவந்த பிறகும் அப்டேட்கள் வந்தன. மெமரி கார்டில் ஏற்றி, வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம்.

இன்னும் நல்ல உதாரணம், 2019-ல் வந்த ஐ.சி-9700. மிக உயர்ந்த அலைவரிசையில் மெல்லிய சிக்னல்களைப் பிடிப்பவர்கள், அலைவரிசை மெல்ல நகர்ந்துவிடுகிறது என்று புகார் சொன்னார்கள். பழைய காலமாக இருந்தால் அடுத்த மாடலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். இங்கே, வெளியிலிருந்து கொடுக்கும் துல்லியமான 10 மெகாஹெர்ட்ஸ் சிக்னலோடு ரேடியோவைக் கட்டிப்போடும் வசதியை அப்டேட் மூலம் கொடுத்தார்கள். குறையோடு வந்த பெட்டி, வாங்கியவர் வீட்டில் இருந்தபடியே தேறியது.

ஆனால், மென்பொருளால் முடியாததும் உண்டு. 2020 அக்டோபரில் ஜப்பானின் நொபியோகாவில் இருந்த ஏ.கே.எம் சிப் தொழிற்சாலை எரிந்துபோனது. அந்த சிப்களை நம்பியிருந்த ஹாம் ரேடியோ தயாரிப்பாளர்களும் தடுமாறினார்கள். ரேடியோ கணக்காக மாறினாலும், கணக்குப் போட ஒரு சிப் வேண்டும். அந்த சிப்பை வீட்டு மேஜையில் வைத்துப் பற்றவைத்துச் சரிசெய்வது, பழைய வால்வை மாற்றுவது போல் சுலபம் அல்ல.

வாங்கும் முன் நாலு கேள்வி

சந்தேகப்படுவது தப்பே இல்லை. அந்தச் சந்தேகத்தை ஒரு கேள்வியாக மாற்றிக் கடைக்காரரிடம் கேட்டால்தான் பயன். புது ரேடியோ வாங்க நினைக்கும் ஹாம்கள் இந்த நான்கையும் கேட்கலாம்:

- இந்தக் கம்பெனி தன் முந்தைய மாடலுக்கு எத்தனை வருடம் அப்டேட் கொடுத்தது?
- அப்டேட்டை நானே போட முடியுமா, சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிப்போக வேண்டுமா?
- இன்டர்நெட்டும் கம்ப்யூட்டரும் இல்லாத நாளில் இது தனியாக வேலை செய்யுமா?
- இனி அப்டேட்டே வராது என்றாலும், இன்று செய்யும் வேலையை அது தொடர்ந்து செய்யுமா?

கடைசி இரண்டு கேள்விக்கும் 'ஆமாம்' என்று பதில் சொன்னதால்தான் ஐ.சி-7300 சந்தேகத்தைத் தாண்டி நின்றது. டி.வி-க்கும் காருக்கும் வாஷிங் மெஷினுக்கும்கூட இன்று மென்பொருள் வந்துவிட்டது. ரேடியோ வாங்காதவர்களும் இந்த நாலு கேள்வியை எழுதி வைத்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டில் அப்டேட் நின்றுபோன பிறகும் உழைக்கிற பொருள் எது? கமென்ட்டில் சொல்லுங்கள்!